மெயின் கேம்பஸில் ஒரு சீட்

மைக்கில் அடுத்த பத்துப் பேரைக் கூப்பிட்டதும் பையன் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு அரங்கத்துக்குள் ஓடினான்.

பெற்றோருக்கு உள்ளே அனுமதி இல்லை. அவளும் பையனின் அப்பாவும் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தார்கள்.

பல்கலைக்கழகத்தின் மெயின் கேம்பஸ் அது. கணிதத்தில் இன்னும் நான்கே நான்கு இடங்கள் என்று பலகையில் போட்டிருந்தது. அதுவும் தீர்ந்துவிட்டால் பையனுக்கு ஊரிலேயே இருக்கும் கிளை வளாகம்தான். வீட்டிலிருந்து நடந்தே போய் வரலாம்.

தீர்ந்துபோகட்டும் என்றுதான் அவள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

பெற்ற தாய் வேண்டுகிற வேண்டுதலா இது! இந்த வளாகத்தின் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு படித்த பிள்ளை. ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, துணி துவைக்கத் தெரியாது, காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று அவளும் ஒரு மாதமாக ஏதேதோ சொல்லிப் பார்த்துவிட்டாள். அவன் அசைந்து கொடுக்கவில்லை.

பிள்ளையை விட்டுப் பிரிய மனசு வரவில்லை, பாவம் என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் அவளுக்காகப் பரிந்து பேசினார்கள். அவளும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி வைத்தாள்.

பையனின் அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"அங்க பாரேன், சைக்கிள் ஸ்டாண்டை இன்னும் இடிக்கவே இல்ல!"

அவள் திரும்பிப் பார்த்தாள். தகரக் கூரை மட்டும் புதிது.

இரண்டு பேரும் ஒரே வகுப்பு, இதே கணிதத் துறை. அவர்களுக்கு இடம் கிடைத்த நாளில் இந்த அரங்கமெல்லாம் ஏது? நூலகத்துக்குப் பின்னால் ஒரு நீள மேசையைப் போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். அவளுக்கு முன்னால் நின்றது இவர்தான். பேர் என்ன என்று கேட்டதும், பதற்றத்தில் மனிதர் தன் அப்பா பேரைச் சொல்லிவிட்டார். வரிசையே சிரித்தது. முதலில் சிரித்தது அவள்தான்.

அப்புறம் அந்த சைக்கிள்.

தினமும் சாயங்காலம் அவருடைய சைக்கிளில் மட்டும் காற்று இறங்கிக் கிடக்கும். ஐயோ பாவம் என்று அவளும் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கூட நடப்பாள். காற்றை இறக்கிவிடுவதே இந்த மகானுபாவர்தான் என்று ஸ்டாண்டுக் காவலாளி சொல்லித்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் ஒரு வருஷம் நடந்தாள். ஏன் என்று கேட்காதீர்கள்.

"உனக்கு அப்பவே தெரியும்தானே?" என்றார் அவர், ஸ்டாண்டைப் பார்த்தபடியே.

"ஊருக்கே தெரியும். பெரிய சிதம்பர ரகசியம்!"

இருவரும் சிரித்தார்கள். அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பக்கத்துப் படியில் இருந்த ஒரு அம்மா, இந்த வயதிலும் இவ்வளவு ஒட்டுதலா என்பது போலப் பார்த்துவிட்டுத் தன் கணவர் பக்கம் திரும்பினார். அவரோ வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தது. உள்ளே இன்னும் கொஞ்சம் நேரம் ஆகட்டுமே என்றுகூட நினைத்தாள்.

கதவு திறந்தது. பையன் ஓடிவந்த வேகத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கடைசி சீட்டும்மா! எனக்கப்புறம் போர்டுல சைபர்!"

அவனை இழுத்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். அந்தச் சந்தோஷமும் பொய்யில்லை. என்ன இருந்தாலும் அவள் பிள்ளை அல்லவா!

பையன் அப்பாவின் தோளைக் கட்டிக்கொண்டு குதித்தான். குதித்தபடியே சொன்னான்.

"அப்பா, இனிமே ஞாயித்துக்கிழமை என்னைக் கூட்டிட்டுப் போக அம்மா வீட்டுக்கு வர வேண்டாம். நேரா இங்கயே வந்துடுங்க."

அவர் சிரிக்க முயன்றார். சரியாக வரவில்லை.

விவாகரத்து ஆனபோது பையன் ஐந்தாம் வகுப்பு. நீதிமன்றம் ஞாயிற்றுக்கிழமையை அப்பாவுக்குக் கொடுத்தது. அன்றிலிருந்து ஒரு வாரம்கூடத் தவறாமல் காலையில் வந்து வாசலில் நிற்பார், சாயங்காலம் கொண்டுவந்து விடுவார். பையன் செருப்பை மாட்டுகிற நேரத்தில் இருவரும் இரண்டு வார்த்தை பேசிக்கொள்வார்கள். குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, தலைவலி தேவலையா, அவ்வளவுதான். வாசல்படி தாண்டி அவர் உள்ளே வந்ததில்லை, அவளும் கூப்பிட்டதில்லை. ஆனால் அந்த இரண்டு வார்த்தைக்காக அவள் சனிக்கிழமையே நல்லதாக ஒரு உடுப்பை எடுத்து இஸ்திரி போட்டு வைத்துவிடுவாள்.

ஹாஸ்டல் அறையைப் பார்க்கலாம் வாங்க என்று பையன் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தான். அவளுக்குச் சாயங்காலம் வேலை இருந்தது. பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"சரி, அடுத்த வாரம் பாக்கலாம்," என்றார் அவர்.

ஞாயிறு தோறும் சாயங்காலம் வாசலில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் நின்றாள். அவரைத் திருத்தவில்லை.

"லேட் பண்ணாம வா," என்றாள்.