எதிர்வீட்டுத் தண்ணீர்

“பாருடி, இன்னிக்கும் நம்ம வாசல்ல தண்ணி ஊத்திக்கினு கீறான்! கால் வழுக்கி நான் விழணுமாம் அவனுக்கு!”

ஜன்னலில் நின்று பல்லைக் கடித்தாள் பச்சையம்மாள். வீட்டிலேயே விசைத்தறி ஓட்டும் எதிர்வீட்டு வேங்கடாசலம் காதிலேயே வாங்காமல், குடம் குடமாய்த் தெருவை நனைத்துக்கொண்டிருந்தார். சாக்கடைத் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று மூன்று வருஷம்.

“விடும்மா. சொட்டு மருந்து போடு, நேரமாச்சு” என்றாள் மகள் யமுனா, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே.

ஸ்ரீசிட்டி செல்போன் கம்பெனியில் கடுகளவு திருகாணி முடுக்குகிற வேலை அவளுக்கு. மாஸ்க் போட்டால் பவர் கண்ணாடியில் ஆவி படிந்துவிடுகிறது என்று, திருப்பதியில் கண்ணுக்கு லேசர் சிகிச்சை செய்துகொண்டு சொந்த ஊரான நகரிக்குத் திரும்பி நாலு நாள் ஆகிறது. கண்ணில் மணலை வாரிப் போட்டமாதிரி உறுத்தல். கசக்கக்கூடாது, தலைக்கு ஊற்றக்கூடாது, தூசி படக்கூடாது. கண் தெளியாவிட்டால் வேலை போச்சு.

பச்சையம்மாள் மருந்தைச் சொட்டிவிட்டுக் காதைத் தீட்டினாள்.

“அவன் தறிச் சத்தமே காணோமே. கரண்ட் இல்லியா?”

“நம்ம ஃபேன் ஓடுதேம்மா.”

“அப்போ நூல் குடுக்கறவன் கைய விரிச்சிட்டான். என் வயித்தெரிச்சல் சும்மா வுடுமா? ஏழுமலையானுக்குக் கண்ணு கீது!”

“பாவம்மா.”

“இன்னா பாவம்? அவனுக்கு நல்லா வேணும்!”

எட்டாம் நாள் திருப்பதிக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தார்கள். வீட்டு வாசலில் ஆட்டோ நின்றதுமே வேங்கடாசலம் குறுக்கே வந்து நின்றார். பச்சையம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள், ஒரு கை பார்த்துவிடுவது என்று.

அவர் அவள் பக்கமே திரும்பவில்லை.

“ஏம்மா யமுனா, டாக்டர் இன்னா சொன்னாரு?”

“கண்ணு ரெண்டும் சுத்தமா கீதுன்னாரு மாமா. திங்கக்கிழமை வேலைக்குப் போலாமாம்.”

“அப்பாடா!” என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“லேசர் பண்ணிக்கினு அன்னிக்கு நீ ஆட்டோவுல வந்து எறங்கசொல்ல, தூசி படக்கூடாதுன்னு உங்கம்மா தெருவுக்கே கேக்கறமாதிரி சொல்லிச்சு. தண்ணி ஊத்தினா மண்ணு அடங்கும். தறி ஓடினா பஞ்சு பறக்குமே, அதான் அதையும் நிறுத்தி வெச்சேன். நீயே உங்கம்மாவக் கேட்டுச் சொல்லும்மா, நாளைக்குத் தறி ஓட்டலாமா, இன்னும் ரெண்டு நாள் போவட்டுமா?”