பட்டு மெத்தை

கிறிஸ்துமஸ் குடிலிலிருந்த மரத்தொட்டிக்கு இந்த வருஷம் யோகம்தான். பழைய வைக்கோலை வாரி வெளியே போட்டுவிட்டு, வீட்டுக்காரர்கள் அதில் பட்டு மெத்தை விரித்தார்கள்.

"கொடுத்துவெச்சவன்டா நீ!" என்றது களிமண் ஆடு.

தொட்டியோ வருஷாவருஷம் தன்மேல் வந்து படுக்கும் அந்தச் சின்னப் பாரத்துக்காகக் காத்திருந்தது. திருநாள் வந்தது. எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். பாலன் பொம்மை மட்டும் வரவில்லை.

"அவருக்கு விரல் உடைஞ்சுபோச்சாம். பட்டுக்கு எடுப்பா இருக்காதுன்னு பரண்லயே விட்டுட்டாங்க," என்று ஆடுதான் அப்புறம் சொன்னது.

கிறிஸ்துமஸ் கழிந்து வரும் மூன்று ராஜாக்கள் திருநாளன்று, பாலனுக்குக் காணிக்கையாகப் பொன்னோடு வந்த ராஜா பொம்மை, வெறும் மெத்தையைப் பார்த்துத் திகைத்து நின்றது. "இதை யார் காலடியில் வைக்க?"

"இங்கேயே போட்டுட்டுப் போங்க, ராஜா," என்றது தொட்டி. "இடத்துக்கா பஞ்சம்?"