சக்கரத்துக்குள் மணிகள்

இருதயராஜ் ஓட்டுவது பிணம் ஏற்றும் வேன். முன்சக்கரங்களின் விளிம்பில், ஆடாமல் சுற்றுவதற்காக எடை சரிபார்த்து அடித்திருந்த ஈயக்கட்டிகள் மலைச்சாலைக் குழிகளில் எங்கோ விழுந்துவிட்டன. ஐம்பதைத் தாண்டினாலே வண்டி நடுங்கியது. அன்று பின்னால் ஒன்பது வயது மகளின் உடலோடு அப்பா மட்டும் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, கொஞ்சம் ஆடாமப் போங்க. ஆடுனா பிள்ளைக்கு வாந்தி வந்துரும்.”

“சரி தம்பி” என்ற இருதயராஜ், எண்பது கிலோமீட்டரையும் முப்பதிலேயே ஓட்டினார்.

மறுநாள் டயர் கடை ஜமாலிடம் போனார். ஈயம் அடித்தால் மறுபடியும் விழும் என்ற ஜமால், டயர்களுக்குள் பொடிப்பொடியான கண்ணாடி மணிகளைக் கொட்டி மூடினார்.

“சக்கரம் வேகமாச் சுத்துனா, எங்க எடை குறையுதோ அங்க இதுகளே ஓடிப்போய் நின்னுக்கும்ணே.”

அடுத்த நடையில் மனைவியின் உடலோடு ஒருவர் ஏறினார். கிளம்பும்போது சக்கரங்களுக்குள் மணல் சரிவதுபோலச் சத்தம் கேட்டது. வேகம் கூடக்கூட அது அடங்கியது. உடல் உருண்டுவிடக் கூடாதே என்று அவர் இரண்டு கைகளாலும் அதை அணைத்துப் பிடித்திருந்தார். வண்டி ஆடவே இல்லை. கொஞ்ச தூரம் போனதும் மெல்லக் கைகளை எடுத்தார். அந்தக் கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டு, அப்போதுதான் அழத் தொடங்கினார்.

அழுகை ஓயுமுன்பே அவருடைய ஊருக்குத் திரும்பும் கிளைச்சாலை வந்தது. அங்கே சொந்தபந்தங்கள் கூடிக் காத்திருப்பார்கள். இருதயராஜ் திரும்பாமல் நேரே ஓட்டினார்.