உடைமரத்துக்குள்

மூன்றாவது முறையாக அவள் போனில் அந்தப் பறவையின் குரலைப் போட்டாள்.

போடக் கூடாது. பதிவு செய்த குரலைப் போட்டு வெளியே வரவழைப்பது படம் எடுக்க வசதிதான். ஆனால் பறவை ஏமாந்து அலையும். பறவை பார்க்கத் தன்னோடு வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்தவள் அவள்தான்.

இன்று கை கேட்கவில்லை.

சைபீரியாவில் பிறந்த பறவை. குளிருக்கு அஸ்ஸாம், பர்மா பக்கம் இறங்க வேண்டியது. வழி தவறி, தன்னந்தனியாக, தூத்துக்குடியில் ஒரு குளக்கரை உடைமரப் புதருக்குள் கிடக்கிறது. தொண்டையில் மட்டும் குங்குமத்தை அப்பியது போல் சிவப்பு. இந்தக் குளத்தில் இதை யாரும் பார்த்ததில்லை.

வந்தது.

தரையோடு தரையாக ஒளிந்து திரிகிற பறவை, முள்ளின் உச்சியில் வந்து உட்கார்ந்தது. கூப்பிட்டது. கழுத்தைச் சாய்த்துக் கேட்டது. இறங்கி வந்து, கல்மேல் இருந்த போனைச் சுற்றியது. போனுக்குப் பின்னால் போய்ப் பார்த்தது.

நெஞ்செலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"அக்கா, இன்னும் ஒருக்கா போடுங்க. எனக்கு மூஞ்சி சரியா விழல." கூட வந்த கிளாட்வின் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவள் நிறுத்திவிட்டாள்.

பறவை நிறுத்தவில்லை.

மறுபடி உச்சிக்குப் போய்க் கூப்பிட்டது. பதில் வருவதற்குக் கொஞ்சம் இடம் விட்டது. மறுபடி கூப்பிட்டது.

கணவர் இறந்த பிறகு, அவர் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதைப் போட்டுப் போட்டுக் கேட்டவள் அவள். 'வரும்போது பால் வாங்கணுமா?' ஒவ்வொரு தடவையும் வாசலைப் பார்த்திருக்கிறாள். இப்போதும் அது அந்தப் போனில்தான் இருக்கிறது. வேறெங்கும் இல்லை.

மின்கம்பத்தில் ஒரு வல்லூறு வந்து உட்கார்ந்தது.

உச்சியில் அந்தச் சிவப்பு பளிச்சென்று தெரிந்தது. அவள் கையைத் தட்டினாள். மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தாள். பறவை நகரவில்லை. பதிலுக்குக் காத்திருந்தது.

போனை எடுத்தாள். குரல் திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்தாள். முள் முழங்கை வரை கிழிக்க, புதரின் அடியில், இருட்டான இடமாகப் பார்த்துத் தள்ளிவைத்தாள்.

பறவை இறங்கி உள்ளே போனது.

உள்ளே இரண்டு குரல்கள். ஒன்று கூப்பிட்டால் இன்னொன்று கூப்பிட்டது.

வல்லூறு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் பறந்துபோனது. வெயில் இறங்கியது. இனி நிறுத்திவிடலாம். கையை விட்டுப் போனை எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

அவள் புதரின் முன்னால் உட்கார்ந்தே இருந்தாள்.

பிறகு எழுந்து, கையிலிருந்த ரத்தத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா, போனு?"

"சார்ஜ் கொஞ்சந்தான் இருக்கு. அதுவா நிக்கட்டும்."

வண்டி நின்ற பக்கம் நடந்தாள்.