விறைப்பு எடுத்த வேட்டி

“அத்தனை வேட்டியிலயும் கஞ்சிய எடுத்துரு” என்றாள் சண்முகவள்ளி.

சலவைக்குத் துணி வாங்க வந்த பாண்டீஸ்வரன் முழித்தான். “கஞ்சி போடுறது தெரியும்க்கா. எடுக்குறதுக்கு என்ன பேரு?”

“விறைப்பு எடுக்குறதுன்னு வச்சுக்க. வெந்நியில ஊறப்போட்டு அலசு. பழந்துணி கணக்காத் துவண்டு கிடக்கணும்.”

“முதலாளிக்குத் தெரியுமா?”

“நான் சொன்னா அவுகளுக்குத் தெரிஞ்ச மாதிரிதான்.”

கடலாடியில் அவள் கணவர் காளீஸ்வரனின் வேட்டி பேர்போனது. அவருக்கு முன்னால் அதன் மொடமொடப்பு வந்துவிடும். ஆளும் விறைப்பு, வேட்டியும் விறைப்பு என்று ஊரே சொல்லும். வள்ளிக்கு அதில் வருத்தமில்லை. அவள் எரிச்சல் வேறு.

மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால், மூட்டை அடுக்கிவைக்கும் அவர்களுடைய மிளகாய்க் கிட்டங்கி உள்வரை தெரியும். அங்கே காம்பு கிள்ளுகிற ஈஸ்வரி, மத்தியானமானால் மூட்டையில் சாய்ந்துவிடுவாள். வேட்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து, விடிந்ததிலிருந்து நிமிராதவள் போலக் கிள்ளுவாள்.

மறுநாள் துவண்ட வேட்டி வந்தது. காளீஸ்வரன் அதைக் கட்டிக்கொண்டார்.

“கூலி குடுக்குறது காம்பு கிள்ளவா, கண்ணசரவா?” என்றாள் வள்ளி. “அந்த ஈஸ்வரி மாசமா இருந்தா வீட்டுல கிடக்க வேண்டியதுதான. இன்னைக்குச் சத்தமில்லாமப் போங்க. கையும் களவுமாப் பிடிச்சு, வேலைய விட்டு நிறுத்திருங்க.”

“சரி” என்று, நனைந்த கோழி மாதிரி இறங்கிப் போனார் காளீஸ்வரன்.

வள்ளி ஜன்னலுக்கு ஓடினாள். ஈஸ்வரி நல்ல தூக்கத்தில் இருந்தாள்.

கிட்டங்கி வாசலில் அவர் நின்றார். எதையோ காதில் வைத்துக்கொண்டு கத்தினார்.

“ஆங்! கிட்டங்கிக்குத்தான் வந்துக்கிட்டு இருக்கேன்! இந்தா, வாசல்ல நிக்கிறேன்! உள்ள போகப்போறேன்!”

ஈஸ்வரி விருட்டென்று எழுந்து கிள்ளத் தொடங்கினாள்.

வள்ளிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இந்த நேரம் பார்த்து போன் போட்டவன் எவன்? திரும்பினால், அவருடைய செல் கட்டில்மேல் சார்ஜில் கிடந்தது.

காளீஸ்வரன் மேலே வந்தார். கையில் மூக்குக்கண்ணாடிக் கூடு.

“அப்ப, இம்புட்டு நாளும் வேட்டிக்குக் கஞ்சி போட்டது இதுக்குத்தானா?”

அவர் கூட்டைச் சட்டைப்பையில் செருகினார்.

“பிள்ளத்தாச்சி, அசரத்தான செய்வா. கண்ணால பாத்துட்டா நிறுத்தணும்ல, வள்ளி.”