மூலையில் எழுதிய பெயர்

முதலில், மணி அடித்த பிறகும் டஸ்டரை வேலை வாங்கினார்கள். அடுத்து, சுவரில் தட்டித் தட்டி அதன் முதுகை உடைத்தார்கள். மூன்றாவதாக, ஒரு வார்த்தை சொல்லாமல் ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்கள். டஸ்டர் தன் குறைகளைத் தினமும் இதே வரிசையில்தான் சொல்லும்.

சகாயராணி டீச்சர் தினமும் சாயங்காலம் கரும்பலகையைத் துடைப்பார். பிறகு வருகைப் பதிவேட்டில் விரல் ஓட்டி, அன்று தான் கேள்வியே கேட்காத ஒரு பிள்ளையின் பெயரைப் பலகையின் மூலையில் எழுதுவார். மறுநாள் முதல் கேள்வி அந்தப் பிள்ளைக்கு.

"மணிக்குப் பிறகு செய்வதற்குப் பெயர் அடிமைத்தனம்" என்றது டஸ்டர்.

"தலைவரே, நான் தேய்ந்தே போகிறேன். நான் கூட்டமா போடுகிறேன்?" என்றது சாக்பீஸ்.

அன்று டீச்சர் போனதும் டஸ்டர் ஆணியிலிருந்து வேண்டுமென்றே விழுந்தது. விழும்போது மூலையில் இருந்த பெயரை உரசி அழித்தது.

மறுநாள் காலையில் டீச்சர் வெறும் மூலையைப் பார்த்தார். யாரென்று நினைவு வராமல் பாடத்தைத் தொடங்கினார்.

மாலையில் பதிவேடு சொன்னது: "நீ அழித்தாயே, அந்தப் பெயருக்குரிய பிள்ளை, தன் பெயர் வருமா என்று பத்து நாளாக அந்த மூலையையே பார்க்கிறது. இன்றும் பார்த்தது."



"என் சண்டை மணியோடு. பிள்ளையோடு இல்லை" என்றது டஸ்டர். "நான் அழித்தது யாரை? எல்லோரும் கேட்க வாசி."

மேசையும் சாக்பீஸும் பார்த்திருக்க, பதிவேடு பக்கத்தைத் திறந்தது.

"பதினேழாம் எண். பூங்கோதை."