இன்னொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்

காலையிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டரில் அப்டேட் நகரவில்லை. எனக்கு வேலை நேர்காணல் அந்தக் கம்ப்யூட்டரில்தான், நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. உட்காரப் பொறுமையில்லாமல், மேஜையருகே நின்றபடியே ரீஸ்டார்ட்டை அழுத்திக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் திரை அதையே சொன்னது: "இன்னொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார். இப்போது நிறுத்தினால் அவர் சேமிக்காத வேலை அழிந்துவிடும். நிறுத்தவா?"

வீட்டில் நானும் கணவரும்தான். அப்பா தவறிய பிறகு, அவருடைய கணக்கைக் கணவரே கம்ப்யூட்டரிலிருந்து நீக்கியிருந்தார்.

"அது கெடக்குது. ஆமான்னு அழுத்தித் தொலையேன்," என்றார்.

கை வரவில்லை. அப்பா இருந்தவரை இந்தக் கம்ப்யூட்டருக்காக எங்களுக்குள் தினமும் இழுபறிதான். நெடுநெடுவென்று உயரமான மனிதர். அவர் எழுந்ததும் நாற்காலியைக் கீழே இறக்குவதுதான் என் முதல் வேலை. அவர் போனபின் அந்த வேலை இல்லாமல் போனது.

எரிச்சலில் பழைய பழக்கம் வாயில் வந்துவிட்டது.

"அப்பா, சேவ் பண்ணிட்டு எந்திரிங்கப்பா. எனக்கு நேரமாச்சு."

கணவர் என்னையே பார்த்தார். திரையில் எச்சரிக்கை மறைந்தது. அப்டேட் மளமளவென்று ஓடி முடிந்தது.

"பாத்தியா, அதட்டினாத்தான் கேக்குது," என்று சிரித்தபடி அவர் அடுத்த அறைக்குப் போனார்.

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

கால் தரைக்கு எட்டவில்லை.